பைக் ரேடியோ எடுக்காதபோது

நெடுந்தூரம் ஓடும் பைக்கில் ரேடியோ இரைந்தால் கோளாறு பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, அந்த இடத்துக்கு வந்து சேரும் அலையே மெலிந்திருக்கும். இல்லையென்றால் ஆண்டெனா அல்லது அதன் கேபிள் பழுதாகியிருக்கும். அதுவும் இல்லையென்றால் எர்த் விட்டிருக்கும், அல்லது பைக்கின் சொந்த மின்சாரமே ரேடியோவுக்குள் புகுந்திருக்கும். இந்த நான்கில் எது என்று பார்ப்பதற்கு முன்பே பலர் புது ஆண்டெனா வாங்கிவிடுகிறார்கள். புது ஆண்டெனாவைப் பழைய துருப்பிடித்த பட்டையிலேயே மாட்டுவதால் இரைச்சலும் அப்படியே தொடர்கிறது. ஆண்டெனாவை மாற்றுவது கடைசி வேலை. எர்த்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஹோண்டா கோல்டுவிங், ஹார்லி எலெக்ட்ரா கிளைடு போன்ற வண்டிகளில் ரேடியோ கம்பெனியிலிருந்தே பொருத்தப்பட்டு வருகிறது. சங்கரன்கோவில் வட்டாரத்து ரோட்டில் அவற்றைப் பார்ப்பது அரிது. இங்கே அதிகம் ஓடுபவை புல்லட்டிலும் பிற வண்டிகளிலும் வெளியே வாங்கிப் பொருத்திய எஃப்எம்–யுஎஸ்பி செட்டுகள். இருவகைக்கும் சோதனை வரிசை ஒன்றுதான். கம்பெனி வண்டியில் கேபிள் பேனலுக்குள் ஒளிந்திருக்கும். புல்லட்டில் சீட்டைக் கழற்றினாலே தெரிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன்

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. எஞ்சின் ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கி "ஸ்பார்க் வருதா" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ஆளுக்கும் ஆபத்து, சிடிஐ பெட்டிக்கும் ஆபத்து. சோதனைக்காக எஞ்சினை ஓடவிடும்போது வண்டி திறந்த வெளியில், நடு ஸ்டாண்டில், நியூட்ரலில் நிற்க வேண்டும். கேபிளோ ஒயரோ சைலன்சரைத் தொடக்கூடாது.

நீளக் கம்பியின் நுனியில் குண்டு அல்லது ரப்பர் மூடி கட்டாயம். பின்னால் குனிந்து பெட்டியைத் திறப்பவரின் கண் உயரத்தில்தான் அந்த நுனி இருக்கும். வயல் வழியாகத் தாழ்ந்து போகும் மின்கம்பிக்கு அடியில் கம்பியை இழுத்து நீட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் மாலை நேரத்தில் ஆண்டெனா வேலையைத் தள்ளிப்போடலாம்.

இந்த ஊருக்கு எந்த அலை எப்படி வருகிறது

மேலநீலிதநல்லூரில் நின்று பார்த்தால் திருநெல்வேலி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுவே பெரிய மலை எதுவும் இல்லை. ஆகவே திருநெல்வேலியிலிருந்து வரும் எஃப்எம் நிலையங்கள் இந்த ஊரின் உரைகல். அவை கூட இரைந்தால் குற்றம் பெரும்பாலும் வண்டியில்தான்.

கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ் வேறு கதை. மலை உச்சியிலிருந்து வருவதால் அது தென் மாவட்டங்களில் வெகுதூரம் எட்டும். ஆனால் இங்கிருந்து அது நேர்க்கோட்டில் 120 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் வருசநாட்டு மலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையும் குறுக்கே நிற்கின்றன. ஒரு மேட்டில் தெளிவாகக் கேட்பது அடுத்த பள்ளத்தில் காணாமல் போவது இயல்பு. நாகர்கோவிலின் 101 மெகாஹெர்ட்ஸுக்கும் இதே நிலை. அதன் வழியில் மகேந்திரகிரிப் பக்கத்து மலைகள் நிற்கின்றன. இந்த இரண்டையும் வைத்து ஆண்டெனாவுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மத்திய அலையில் 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் பழகிய எண். 200 கிலோவாட் திறனுடன் அமைக்கப்பட்ட தூத்துக்குடியின் 1053 மற்றொன்று. மத்திய அலை தரையை ஒட்டி வருவதால் மலை அதற்குப் பெரிய தடையில்லை. மின்கம்பியும் எஞ்சினும்தான் எதிரிகள்.

ஒரு விசித்திரமான கோளாறையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவுக்கென்று செய்த ரேடியோ எஃப்எம்மில் 100.9, 101.1 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் நிற்கும், 101.0 அதற்குக் கிடைக்காது. மத்திய அலையில் அது 10 கிலோஹெர்ட்ஸ் தாவித் தாவிப் போகும், இந்தியாவிலோ 9. ஆகவே 1197ஐத் தேடினால் 1190 அல்லது 1200இல் போய் நின்று கரகரக்கும். ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக்கான பழைய செட்டில் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும், 100.5 அதன் எல்லைக்கே வராது. செகண்ட்ஹேண்ட் செட் வாங்கியவர் ஆண்டெனாவை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லாமல் போவது இப்படித்தான். செட்டின் மெனுவில் நாடு அல்லது பகுதி என்ற அமைப்பு இருந்தால் அதை ஆசியா அல்லது ஐரோப்பா என மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத செட்டைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

பத்து நிமிடச் சோதனை

தேவையானவை: பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய பாக்கெட் ரேடியோ, மல்டிமீட்டர், முதலை கிளிப் வைத்த ஒரு மீட்டர் ஒயர், உப்புத்தாள், பவர் பேங்க்.

1. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். தகரக் கூரை, டிரான்ஸ்ஃபார்மர், செல்போன் கோபுரம் மூன்றும் தள்ளியிருக்கட்டும்.

2. எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, திருநெல்வேலி எஃப்எம் ஒன்றை வைக்க வேண்டும்.

3. அதே நிலையத்தைப் பாக்கெட் ரேடியோவில் வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் இரைந்தால் இடம் சரியில்லை. வண்டியைத் தொட வேண்டாம். பாக்கெட் ரேடியோ தெளிவாக, பைக் மட்டும் இரைந்தால் அடுத்த படி.

4. வண்டியை ஒரு முழம் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்ட வேண்டும். எஃப்எம் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். சுவரிலும் மலையிலும் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதும் இடங்களில் குழி விழும்; அரை மீட்டர் நகர்ந்தாலே சத்தம் மாறும். இப்படி மாறினால் அது கோளாறு இல்லை. ஓடும் வண்டியில் கேட்கும் படபடப்புக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

5. செட்டில் எல்ஓ–டிஎக்ஸ் பொத்தான் இருந்தால் டிஎக்ஸில் வைக்க வேண்டும். எல்ஓ என்பது பக்கத்து நிலையங்களுக்கு மட்டும். தவறுதலாக அதில் விழுந்துவிட்ட செட்டுகள் ஏராளம். மெலிந்த நிலையத்தை ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் பெருமளவு இறங்கும்.

6. இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் கெட்டால் நேராக எஞ்சின் இரைச்சல் பகுதிக்குப் போகலாம். எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் கோளாறு ஆண்டெனாப் பக்கம்.

7. கடைசியாக, ஆண்டெனா பிளக்கை ரேடியோவிலிருந்து உருவி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான சாதாரண ஒயரின் முனையை அந்தக் குழியின் நடு ஓட்டையில் மட்டும் செருகிப் பார்க்க வேண்டும். வெறும் ஒயரில் நிலையம் நன்றாக எடுத்தால் செட்டில் குறையில்லை. ஆண்டெனாவும் கேபிளும்தான் குற்றவாளிகள். அப்போதும் எடுக்கவில்லை என்றால் செட்டைச் சரிபார்க்கக் கொடுக்க வேண்டியதுதான்.

மலிவான எஃப்எம்–யுஎஸ்பி போர்டுகளில் தனி ஆண்டெனாக் குழியே இருக்காது. ஒற்றை ஒயர் ஒன்று தொங்கும். பொருத்துபவர் அழகுக்காக அதைச் சுருட்டி, டேப் சுற்றி, பெட்டிக்குள் திணித்துவிடுவார். பொருத்திய மறுநாளே எடுக்காமல் போன செட்டில் முதலில் தேட வேண்டியது இந்தச் சுருட்டலைத்தான். ஒயரை நீட்டி, இரும்பைத் தொடாமல் பின்பக்கமாக ஓடவிட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

கேபிளை மீட்டரால் பார்த்தல்

மல்டிமீட்டரைப் 'பீப்' சத்தம் தரும் நிலையில் வைத்து, ஆண்டெனா பிளக்கைச் செட்டிலிருந்து உருவியபின் மூன்று அளவுகள்.

1. பிளக்கின் நடு முனைக்கும் ஆண்டெனாக் கம்பிக்கும் இடையே பீப் வர வேண்டும். வராவிட்டால் உள்கம்பி அறுந்திருக்கிறது.

2. பிளக்கின் வெளி உறைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே பீப் வர வேண்டும். ஓமில் பார்த்தால் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். வராவிட்டால் எர்த் இல்லை.

3. நடு முனைக்கும் வெளி உறைக்கும் இடையே பீப் வரக்கூடாது. வந்தால் எங்கோ ஷார்ட். கம்பியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வாசர் உடைந்து, கம்பி பட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் வழக்கமான காரணம்.

மீட்டரை வைத்தபடியே கேபிளை அங்கங்கே மெதுவாக வளைத்துப் பார்க்க வேண்டும். பீப் விட்டு விட்டு வரும் இடமே அறுந்த இடம். ஹேண்டில் திரும்பும் கழுத்து, சீட்டின் கொக்கி அழுத்தும் இடம், கழற்றி மாட்டும் பின்பெட்டியின் அடிப்பகுதி ஆகிய மூன்றும் கேபிளைக் கடிக்கும் இடங்கள். பின்பெட்டியை அடிக்கடி கழற்றும் வண்டியில் அடிப்பகுதியை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது அளவுக்கு விதிவிலக்கு உண்டு. சில ஆண்டெனாக்களின் அடியில் உறைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சிறு காயில் இருக்கும். அங்கே பீப் வருவது சரிதான். ஆம்ப்ளிஃபையர் வைத்த ஆண்டெனாவை இந்த முறையில் அளக்கவே முடியாது. அதற்கு 12 வோல்ட் போய்ச் சேருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பல செட்டுகளில் அந்த மின்சாரம் நீல ஒயரில் வரும். அதை மாட்டாமல் விட்டால் ஆம்ப்ளிஃபையர் ஆண்டெனா வெறும் ஒயரைவிட மோசமாக நடந்துகொள்ளும்.

குற்றாலச் சீசனுக்குப் போய் இரண்டு நாள் சாரலில் நின்ற வண்டி திரும்பி வந்ததும் இரையத் தொடங்கினால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளின் முனையைச் சிறிது சீவிப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் பச்சையாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றும், அடுத்த மழைக்கு மறுபடியும் போகும். கறுத்த கேபிளை ஒட்டிச் சேர்ப்பதைவிடப் புதிதாக இழுப்பது மலிவு. இணைப்பு தவிர்க்க முடியாதென்றால் ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இணைப்பு சீட்டுக்கு அடியில் தண்ணீர் படாத இடத்தில் வர வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப் சித்திரை வெயிலுக்கே பசை உருகி வழுக்கிவிடும்.

எர்த்

காரில் கூரைத் தகரம் முழுவதும் ஆண்டெனாவுக்குத் துணை. ஆண்டெனாக் கம்பி பாதி என்றால் அதன் அடியில் பரந்திருக்கும் உலோகம் மறுபாதி. பைக்கில் அந்த மறுபாதி ஏற்கெனவே குறைவு. இருக்கிற சேசிஸோடும் கம்பியின் அடிப்பகுதி சேராவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆண்டெனாவும் ஒற்றைக் காலில் நிற்பதுதான்.

எர்த் கெடும் விதம் அநேகமாக ஒன்றே. பட்டை பெயின்ட் அடித்தோ பவுடர் கோட்டிங் செய்தோ வருகிறது. போல்ட்டை இறுக்கினால் உறுதியாக நிற்கிறது. கண்ணுக்கு எல்லாம் சரி. ஆனால் பெயின்ட் மின்சாரத்தை விடாது. போல்ட்டின் மரைவழியே சில மாதம் ஓடிய எர்த், துரு ஏறியதும் நின்றுவிடும். "ஆறு மாசம் நல்லா எடுத்துச்சு, இப்பத்தான் எடுக்கல" என்று சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் கை வைக்க வேண்டிய இடம் இது.

உறுதிசெய்யும் வழி எளிது. முதலை கிளிப் ஒயரின் ஒரு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் மறுமுனையை ஆண்டெனா அடிப்பட்டையிலும் மாட்டி, ரேடியோவைக் கேட்க வேண்டும். உடனே தெளிந்தால் எர்த்தேதான். பாசிட்டிவ் முனைப் பக்கம் அந்த கிளிப் போகக்கூடாது.

சரிசெய்யும் வரிசை:

1. ஆண்டெனா, பட்டை, போல்ட் மூன்றையும் கழற்ற வேண்டும்.

2. பட்டை சேசிஸைத் தொடும் இடத்திலும், ஆண்டெனா பட்டையைத் தொடும் இடத்திலும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரியச் செய்ய வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் துருவுக்கு வாசல் திறப்பதாகும்.

3. பல் வைத்த வாசரை இடையில் போட்டு இறுக்க வேண்டும். அதன் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். சாதா வாசர் அப்படிப் பிடிக்காது.

4. பட்டையிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் எர்த் ஒயர் ஒன்றைக் கையளவு நீளத்தில் போட வேண்டும். நீளமான மெல்லிய ஒயர் மீட்டரில் சரியாகக் காட்டும், ஆனால் எஃப்எம்முக்கு அது எர்த் ஆகாது. இந்த இடத்தில் அகலமும் குட்டையும் முக்கியம்.

5. இறுக்கியபின் வெளிப்புறமாகக் கிரீஸ் தடவ வேண்டும். இறுக்குவதற்கு முன்பே இரு உலோகங்களுக்கும் நடுவில் கிரீஸை அப்பி வைப்பது பரவலான தவறு.

6. மீட்டரின் இரண்டாவது அளவை மறுபடியும் எடுக்க வேண்டும்.

பின்பெட்டி ஃபைபராக இருந்து, அதன் மூடியில் ஆண்டெனா நின்றால் எர்த்துக்குப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. மூடியின் உட்புறம் முழுவதும் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டிப் பொருத்தி, அதை ஆண்டெனா அடியோடு சேர்த்து, பின்னல் ஒயரால் சேசிஸுக்குக் கொண்டுவரலாம். தகடு பெரிதாக இருக்க இருக்க நல்லது. இதைவிடச் சுலபம், ஆண்டெனாவைப் பெட்டியிலிருந்து இறக்கிக் கேரியரின் இரும்புக் குழாயில் பொருத்துவது. அழகு கொஞ்சம் குறையும், நிலையம் எடுக்கும்.

நீளமும் இடமும்

எஃப்எம்முக்கு ஏற்ற கம்பி நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 7500ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் சென்டிமீட்டரில் வரும்: 100க்கு 75. நடைமுறையில் கம்பி அதைவிடச் சற்றுக் குறைவாக, 70 முதல் 75 சென்டிமீட்டருக்குள் இருந்தால் முழு எஃப்எம் பட்டைக்கும் போதும். ஒன்றரை மீட்டர் கம்பி இரு மடங்கு நன்றாக எடுக்கும் என்பது தப்புக் கணக்கு. காற்றில் ஆடி அடிப்பகுதியை உடைக்கத்தான் அது உதவும்.

கைவிரல் நீள ரப்பர் ஆண்டெனாவுக்குள் கம்பி சுருளாக இருக்கும். ஊருக்குள் அது போதும். ஊரைத் தாண்டினால் முழுக் கம்பிக்கு ஈடாகாது. சுறாத் துடுப்பு வடிவில் ஒட்டிக் கொடுப்பவற்றில் சில வெறும் அலங்காரம். அடியில் கேபிள் வருகிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

இழுத்து நீட்டும் கம்பியில் ஒவ்வொரு மடிப்பும் ஓர் இணைப்பு. புழுதி ஏறிய மடிப்பு, வண்டி குலுங்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம் தரும். மாதம் ஒரு முறை முழுதும் நீட்டித் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் விட்டால் புழுதி இன்னும் ஒட்டும். நெடும்பயணத்துக்கு ஒரே துண்டான எஃகுக் கம்பியே மேல்.

இடம் என்று பார்த்தால் பின்பக்கம்தான். இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் பெரும்பாலும் முன்பக்கமோ நடுவிலோ இருக்கும். ஆண்டெனா அவற்றிலிருந்து எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு நல்லது. உட்கார்ந்திருப்பவரின் உடலும் பின்சீட்டில் இருப்பவரின் உடலும் அலையை மறைக்கும் என்பதால் கம்பியின் மேல்பாதியாவது சீட்டுக்கு மேலே தெரிய வேண்டும்.

மத்திய அலைக்குத் தனி விதி

1197 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 250 மீட்டர். பைக்கில் வைக்கும் எந்தக் கம்பியும் அதற்குக் குட்டை. நீளத்தைச் சரிசெய்து பயனில்லை. இங்கே கேபிள்தான் விஷயம். கார் ரேடியோ ஆண்டெனாவோடு வரும் கேபிளின் உள்கம்பி தலைமுடி போல மெல்லியது, சுற்றிலும் காற்றிடைவெளி. மத்திய அலை கேபிளுக்குள்ளேயே கரைந்துவிடாமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். அது அறுந்ததும் கடையில் கிடைத்த கேபிள் டிவி ஒயரை மூன்று மீட்டர் இழுத்துவிட்டால் எஃப்எம் எடுக்கும், திருநெல்வேலி மத்திய அலை மங்கிவிடும். "எஃப்எம் நல்லா இருக்கு, மத்தது மட்டும் இல்ல" என்ற புகாரில் கேபிள் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பதே முதல் கேள்வி.

பழைய செட்டுகளில் ஆண்டெனாக் குழிக்குப் பக்கத்தில் சிறு திருகு ஒன்று இருக்கும். மத்திய அலைப் பட்டையின் மேல்முனையில், 1400 கிலோஹெர்ட்ஸ் சுமாருக்கு, மெலிதாகக் கேட்கும் ஏதாவதொரு நிலையத்தில் வைத்து, சத்தம் உச்சம் வரும்வரை அதை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஆண்டெனாவோ கேபிளோ மாறினால் இந்தத் திருகையும் மறுபடி திருப்ப வேண்டும்.

உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு அடியில் மத்திய அலை கரகரப்பதற்கு மருந்து இல்லை. நூறு மீட்டர் தாண்டினால் தானாகவே நிற்கும்.

எஞ்சின் இரைச்சல்

இந்தப் பகுதியில் காதுதான் மீட்டர். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது டக்டக் என்ற சத்தம் வேகமெடுத்தால் அது ஸ்பார்க். சத்தம் ஊளையாகி மேலே மேலே ஏறினால் சார்ஜிங். முறுக்கினாலும் மாறாமல் ஒரே சீராக உய் என்று இருந்தால் செல்போன் சார்ஜர், வெளியே வாங்கிப் போட்ட எல்இடி விளக்கு, அல்லது யுஎஸ்பி செட்டின் உள்ளேயே 12 வோல்ட்டை 5 ஆக்கும் சிறு போர்டு.

அடுத்து, இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பிரிக்க வேண்டும்.

1. எஞ்சின் ஓடும்போதே ஆண்டெனா பிளக்கை உருவ வேண்டும். எஞ்சின் சத்தம் நின்றால் அது காற்று வழியாக ஆண்டெனாவுக்கு வருகிறது. நிற்காவிட்டால் மின் ஒயர் வழியாக வருகிறது.

2. 5 வோல்ட்டில் ஓடும் யுஎஸ்பி செட்டாக இருந்தால் அதைப் பைக் பேட்டரியிலிருந்து பிரித்துப் பவர் பேங்க்கில் ஓட்டிப் பார்க்கலாம். சுத்தமானால் சப்ளை ஒயரே வழி.

3. சார்ஜர், எல்இடி விளக்கு, இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே கேட்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அணைத்தால் எது என்று தெரியாமலே போகும்.

ஸ்பார்க் இரைச்சலுக்கு மருந்து ரெசிஸ்டர் பிளக். என்ஜிகே எண்ணில் பிபிஆர்6இஎஸ் என்பது போல 'ஆர்' எழுத்து இருந்தால் அது ரெசிஸ்டர் வைத்த பிளக். பாஷ் எண்ணிலும் டபிள்யூஆர்7டிசி என்பது போல 'ஆர்' வரும். வண்டிக் கையேட்டில் சொன்ன அதே சூட்டு எண், அதே மரை நீளம் கொண்ட 'ஆர்' வகையைத்தான் போட வேண்டும். எண் மாறினால் எஞ்சின் கெடும். பிளக் கேப்பிலும் பெரும்பாலும் ரெசிஸ்டர் உண்டு. எஞ்சின் ஆறியபின் கழற்றி, இரு முனைகளுக்கும் இடையே அளந்தால் பல வண்டிகளில் 5 கிலோ ஓமை ஒட்டிக் காட்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் கேப் உள்ளே அறுந்திருக்கிறது. நெருப்பு இடைவெளியைத் தாவிக்கொண்டிருக்கும். ரேடியோ இரைவதோடு காலையில் ஸ்டார்ட் ஆவதும் சிரமமாகும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போடக்கூடாது. ரேடியோவை மட்டுமின்றிக் கம்ப்யூட்டரையும் அது குழப்பும்.

காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஹெச்டி ஒயரில் வெடிப்பு இருக்கிறதா என்று இருட்டில், கைபடாமல், எஞ்சினை ஓடவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் நீலப் பொறி தெரியும். வெடித்ததை மாற்றத்தான் வேண்டும். ஆண்டெனாக் கேபிளைக் காயிலிலிருந்தும் ஹெச்டி ஒயரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி இழுக்க வேண்டும். டேங்குக்கு அடியில் எல்லா ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டி, அதற்குள் ஆண்டெனாக் கேபிளையும் சேர்த்துவிடுவது ஒயரிங் வேலையில் தினமும் நடக்கும் பிழை.

சார்ஜிங் ஊளைக்கு முதலில் பேட்டரி முனைகளில் வோல்ட் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை சரி. 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் கெட்டுவிட்டது. ரேடியோவை விட்டுவிட்டு முதலில் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியும் செட்டும் சேர்ந்து போகும். வோல்ட் சரியாக இருந்தும் ஊளை இருந்தால் ரேடியோவின் பாசிட்டிவை ஹெட்லைட் ஒயரிலிருந்து எடுக்காமல் பேட்டரியிலிருந்தே தனியாக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து இழுக்க வேண்டும். நெகட்டிவும் பேட்டரிக்கே போகட்டும். மீதி ஊளைக்குக் கடையில் கிடைக்கும் நாய்ஸ் ஃபில்டரைச் செட்டுக்கு அருகில் போடலாம். சார்ஜரும் எல்இடியும் காரணமென்றால் அவற்றின் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டி, ஒயரை அதற்குள் மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் குறையும். மிக மலிவான சார்ஜருக்கு வளையமும் உதவாது. அதைக் கழற்றி வைப்பதுதான் வழி.

ஓட்டிப் பார்த்தல்

வேலை முடிந்ததும் ஒரே வழியில், ஒரே நிலையத்தில், வேலைக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு நிற்கும். மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை என்பது நல்ல சோதனை வழி. திறந்த வெளியில் தொடங்கி மலையடிவாரத்தை ஒட்டி ஓடி, கடைசியில் கணவாய்க்குள் நுழைகிறது. திருநெல்வேலி எஃப்எம் தென்காசி வரை தாக்குப்பிடித்தால் ஆண்டெனா பாஸ். புளியரை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் அது போவது மலையின் வேலை. அங்கே கேரளத்து நிலையங்கள் வரத் தொடங்கும்.

கவனிக்க வேண்டியவை: நிலையம் எந்த ஊர் எல்லையில் மங்கியது, நின்றபோதா ஓடும்போதா, விளக்கு எரிந்ததா, பின்சீட்டில் ஆள் இருந்தாரா. ஓட்டுபவர் நிலையத்தைத் திருகக்கூடாது. நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டிச் சோதிப்பது பின்னால் வரும் லாரியின் ஹாரனை மறைக்கும்.

ஹாம் உரிமம் பெற்றவர்கள் அதே வண்டியில் 144–146 மெகாஹெர்ட்ஸ் செட் வைப்பதுண்டு. அதற்குக் கால் அலைக் கம்பி சுமார் அரை மீட்டர்தான். இடம் மிச்சம் என்று எஃப்எம் கம்பியையே அதற்கும் பயன்படுத்தினால் அனுப்பும் மின்சாரம் திரும்பி வந்து செட்டைச் சுடும். இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி, வண்டியின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக, இயன்ற அளவு இடைவெளியில் இருக்க வேண்டும். பேசும்போது பாட்டு ரேடியோவை அணைத்துவிட வேண்டும்.